வாங்கும் முன் ஒரு கோடை குடியிருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வீட்டுமனைப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளைப் பற்றி சதுர அடி விலை, நீச்சல் குளம், ஜிம், ஐடி கம்பெனிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் போடுகிறீர்கள். அங்கே குடிபோகிறவர்களுக்கு அந்த இடம் ஒத்துவருமா என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. மகள் குடும்பத்தோடு பத்து மாதம் அப்படி ஓர் இடத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வாணியம்பாடியிலிருந்து ஆந்திர எல்லைக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், சந்தைக்குப் போனால் பாதி தெலுங்கு, குப்பத்திலும் வி.கோட்டாவிலும் பெண் கொடுத்து பெண் எடுத்தவர்கள். போன வருஷம் மகளும் மருமகனும் ஓஎம்ஆரில் 240 வீடுகள் உள்ள ஒரு வளாகத்தில் 1,800 சதுர அடி ஃபிளாட் ஒன்றை 1.35 கோடிக்குப் பேசி, அட்வான்ஸ் கொடுக்கும் வரை போய்விட்டார்கள். நான்தான் தடுத்தேன். அதே வளாகத்தில் 11 மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றேன். "மாசம் 38,000 வாடகை வீணாத்தானேம்மா போகும்" என்று மகளுக்குக் கோபம். மாப்பிள்ளைதான் கணக்குப் போட்டுப் பார்த்து, கோடி ரூபாய் கடனுக்கு மாதத் தவணையே வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது, அத்தை சொல்வது சரிதான் என்றார். ஜூலையில் குடிபோனோம்.

முதலில் தண்ணீர். மார்ச் வரை எதுவும் தெரியவில்லை, குழாயைத் திறந்தால் இருபத்து நாலு மணி நேரமும் வந்தது. ஏப்ரலில் போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கியதும் விடியற்காலை நாலு மணியிலிருந்து டேங்கர் லாரிகள் வரிசைகட்ட ஆரம்பித்தன. 12,000 லிட்டர் லாரி, ஒரு நாளைக்குப் பத்து. தூக்கம் கெட்டதை விடுங்கள், அந்தச் செலவைப் பங்கு போட்டு பராமரிப்புக் கட்டணத்தோடு தனியாக வாங்கினார்கள். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் வீடு பார்க்க எல்லோரும் போவது ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு.

எனக்கு அந்த லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் 2019தான் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் சென்னை வறண்டபோது எங்கள் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி அனுப்பினார்கள். ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் வில்லிவாக்கம் போனது, 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எங்கள் பக்கம் வருகிற காவிரித் தண்ணீர் அது. எங்கள் தெருக் குழாயில் அப்போது வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். இப்போது கணக்குப் போட்டால், அந்த முழு ரயிலும் மகள் இருக்கும் ஒரே ஒரு வளாகத்துக்கு இருபது நாள்தான் தாங்கும். இதை மகளிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

மழைக்காலத்தைப் பற்றி, அங்கே முன்பிருந்தே குடியிருப்பவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் படகில் ஆட்களை ஏற்றியது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தானே இத்தனை கட்டடமும். எங்கள் வளாகத்தில் அப்போது கீழ்த்தளத்து ஜெனரேட்டர் மூழ்கி லிஃப்ட் நின்றுவிட்டதாம், பதினோராவது மாடியில் இருந்த முழங்கால் வலிக்கார அம்மா ஒருவர் நாலு நாள் இறங்கவே இல்லையாம்.

அளவு விஷயமும் சொல்ல வேண்டும். 1,800 சதுர அடி என்று விலை பேசினாலும் வீட்டுக்குள் நாம் நடமாடும் இடம் 1,260தான், மீதி சுவர், பால்கனி, நடைபாதை, லிஃப்ட் எல்லாம். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் அந்தப் பரப்பை, சொல்லியே ஆக வேண்டும், கேட்டு வாங்குங்கள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் முழு 1,800க்கும்தான், சதுர அடிக்கு நாலு ரூபாய் வீதம் மாதம் 7,200. 7,500ஐத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வாசல். என் தம்பி ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, புளியும் மல்லாக்கொட்டையும் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். அவனிடம் பட்டன் போன். வாசலில் ஏதோ நம்பர் கேட்டிருக்கிறார்கள், என் போன் சார்ஜில் கிடந்தது, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறான். "அக்கா, உன்னைப் பார்க்க நான் யாரைக் கேட்கணும்?" என்றான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அதுதான் வேலை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வந்து போகும் குடும்பம் என்றால் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அதே வாசல்தான் ராத்திரி பத்தரை மணிக்கு ஆபீஸ் கேப்பில் இறங்கும் என் மகளைப் பயமில்லாமல் உள்ளே விடுகிறது, அதையும் மறைக்க மாட்டேன். பேரன் வண்டி வாகனம் மோதும் என்ற பயமில்லாமல் இருபது பிள்ளைகளோடு விளையாடினான். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவே எனக்கு நாலு மாதம் ஆனது, ஆனால் பூங்கா பெஞ்சில் ஒரு நெல்லூர்க்கார அம்மா கிடைத்தார். அங்கே தமிழ் தெரியாமல் ஒருவரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், என் எல்லைப் பக்கத்துத் தெலுங்கைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கிளம்பிய அன்று கேட் வரை வந்தார்.

எனக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை. மகளுக்கு ஒத்துவந்திருக்கிறது. இருந்தாலும் வளாகத்துக்கு அரசுக் குழாய்த் தண்ணீர் இணைப்பு வரும் வரை வாங்குவதில்லை, இன்னொரு வருஷம் வாடகையிலேயே இருக்கலாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சதுர அடி விலையைப் போடும் அதே பெட்டியில், அந்த வளாகத்துக்கு மே மாதம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு வீட்டுக்கு அதற்கு எவ்வளவு ஆகிறது, 2023 டிசம்பரில் அங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதையும், அங்கே குடியிருப்பவர்களிடமே கேட்டுப் போடுங்கள். விற்பவரிடம் கேட்டுப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாணியம்பாடி வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்