தொண்டை வலிக்கு 'ஒரு செட்' போதாது

ஆசிரியருக்கு,

மழை தொடங்கிவிட்டால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி மருந்துக் கடைகளில் 'தொண்டை வலிக்கு ஒரு செட் குடுங்க' என்ற குரல் ஓயாது. காகித உறையில் போட்டுத் தரும் அந்த செட்டில் பல நேரம் அசித்ரோமைசின் 500 மி.கி. என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று இருக்கும். அந்த மூன்று மாத்திரை பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. தேவைப்படும் பிள்ளைக்கோ போதாது.

டான்சில் வீக்கம் அதிகமும் வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் கூடவே இருந்தால் ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. ஒரு வாரத்தில் தானே அடங்கும். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும், உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமாலும் போதும்.

ஆன்டிபயாடிக் வேண்டியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை அது அதிகம் பிடிக்கும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இருமலே இல்லாமை, டான்சில் வீங்கியோ வெள்ளைத் திட்டோடோ இருப்பது, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிப்பது. இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தால் உறுதியாகும். வெள்ளைத் திட்டை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, வைரஸிலும் அது வரும்.

கிருமி உறுதியானால் முதல் மருந்து பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின். 20 கிலோ குழந்தைக்கு 500 மி.கி. இருவேளை, 10 நாள், ஆக இருபது வேளை. மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது சிரப் ஒரு பாட்டில் தீர்ந்ததும் அடுத்தது வாங்குவதில்லை. கிருமி மிச்சமிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டுகள் வீங்கி ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். அது இதய வால்வையே கெடுத்துவிடும். அசித்ரோமைசின் பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கான மாற்று மருந்து. அதற்கு மசியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டு, பெனிசிலினுக்கு இன்றும் அடங்குகிறது.

வாயைத் திறக்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, சாம்பல் நிறப் படலம் ஒட்டிக் கழுத்து வீங்கினாலோ அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பின்னது தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம், அதற்கு நச்சுமுறி ஊசியும் வேண்டும்.

மற்றபடி பதற்றம் வேண்டாம். தொண்டை வலி கண்ட 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். எனவே மருந்துக்கடை நண்பர்களே, சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் அட்டையை மருத்துவர் சீட்டில்லாமல் வெட்டித் தராதீர்கள். 'இருமல் இருக்கா?' என்று கேளுங்கள். இல்லையென்றால், பாராசிட்டமாலை மட்டும் கொடுத்து, மறுநாள் காலை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

- மருந்தாளுநர், தண்டையார்பேட்டை, சென்னை - 81