9-ம் நம்பர் பனியன் விஷயமா பெற்றோர்களுக்கு

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

ஃபீஸ் பத்தியோ யூனிஃபார்ம் பத்தியோ இல்ல, பயப்படாம படிங்க. கொஞ்சம் நீளம்தான். வாய்ஸ் நோட்டா போட்டிருக்கலாமே சார்னு சிலர் கேப்பீங்க, எழுத்துல இருந்தா வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பீங்கன்னுதான் டைப் பண்றேன்.

போன வாரம் கபடி டீமுக்குப் புது பனியன் வந்துச்சு, 12 பனியன், ஊர்க்காரர் ஒருத்தர் ஸ்பான்சர். பசங்க அடிச்சுப் புடிச்சு 7, 10, 1-னு எடுத்துட்டுப் போயிட்டாங்க, 9 மட்டும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம மேசை மேலயே கெடந்துச்சு. பி.டி. சார் ஒரு எட்டாம் கிளாஸ் பையன் கைல குடுத்தா அவன் வாங்கவே மாட்டேங்குறான், கண்ணு கலங்கிடுச்சு, "நான் டீம்லயே இல்ல சார்"னு சொல்லிட்டான். நல்ல ரைடர் அவன். இதுக்கு முன்னாடியே கணக்கு டீச்சர் சொல்லிட்டு இருந்தாங்க, ஆறாம் கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ எட்டு தாண்டுனதும் கடைசி பெஞ்ச்ல ஒரு இருமல் சத்தம் வருது, ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னா பாதிப் பேரு வாயப் பொத்திட்டு சிரிக்குறாங்கன்னு.

அந்த நம்பருக்கு ஏன் சிரிக்குறாங்கன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. திருநங்கைகளைக் கேலி பண்ணத்தான் அந்த நம்பரச் சொல்றாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுதான் பிரச்சனையே. பதினோரு வயசுப் பையன் இதைப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. வீட்ல டிவி ஓடிட்டு இருக்கு, காமெடி சீன் வருது, ஒரு ஆம்பள நடிகர் சேலை கட்டிட்டு ரெண்டு கையையும் தட்டிட்டு கட்டைக் குரல்ல ஏதோ சொல்லி ஹீரோவோட கன்னத்தைத் தடவுறாரு, ஹீரோ தலைதெறிக்க ஓடுறாரு, நம்ம எல்லாரும் சிரிக்குறோம், சின்னவனும் நம்ம முகத்தைப் பாத்துட்டு சிரிக்குறான், சீன்ல எதுக்கு சிரிக்கணும்னு அவனுக்கு அப்போ புரிஞ்சிருக்கக்கூட செய்யாது. இப்ப டிவி கூட வேணாம், செல்லுல பிராங்க் வீடியோன்னு ஒண்ணு, ரோட்ல போற திருநங்கைகிட்ட மைக்க நீட்டி கண்டதையும் கேக்குறது, தம்ப்நெயில்ல "அட்டகாசம்", "அலறி ஓடிய வாலிபர்"னு சிவப்பு எழுத்து. உங்க பிள்ளைங்க லைக் போடுற வீடியோக்கள்ல பாதி இந்த ரகம்தான், சந்தேகமா இருந்தா இன்னிக்கு ராத்திரி ஹிஸ்டரி எடுத்துப் பாருங்க.

நம்ம ஊரு கூவாகத்துக்குப் பக்கம். சித்திரை மாசம் கூத்தாண்டவர் திருவிழா வந்தா விழுப்புரத்துல லாட்ஜ் கெடைக்காது, உளுந்தூர்பேட்டை பஸ்ல நிக்க எடம் இருக்காது. நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. திருநங்கைங்க கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் தாலி அறுத்து வளையல் ஒடச்சு வெள்ளைப் புடவை மாத்துறது அவங்களுக்கு ஒரு வேண்டுதல், ஒரு துக்கம். அந்த நேரத்துல அழுவுற ஒரு அம்மா மூஞ்சிக்கு ஒரு சாண் தூரத்துல பத்து கேமரா, அதுக்குப் பின்னாடி நம்ம ஊரு காலேஜ் பசங்க செல்ல தூக்கிட்டு நிக்குறாங்க. நம்ம வீட்டுச் சாவுல எவனாவது இப்படி வந்து நின்னா செல்ல வாங்கி கிணத்துல போட்டிருப்போம். மறுநாள் பேப்பர்ல மேக்கப் போட்ட போட்டோ ஒண்ணு, அழுவுற போட்டோ ஒண்ணு, அவ்ளோதான், அடுத்த சித்திரை வரைக்கும் அவங்க செய்தில வரணும்னா ஏதாவது அடிதடி நடக்கணும். வேற யாரு தப்பு பண்ணாலும் "வாலிபர் கைது", "பெண் கைது"ன்னு ஒருத்தரோட நிக்குது, இவங்கள்ல ஒருத்தர் பண்ணா மட்டும் "திருநங்கைகள் அட்டகாசம்"னு மொத்தப் பேருக்கும் போயிடுது. எல்லா பேப்பரும் அப்படி இல்ல, இப்ப நிறைய பேரு கவனமா எழுதுறாங்க, அதையும் சொல்லணும்.

நல்ல விஷயமும் நம்ம பக்கம்தான் நடந்திருக்கு. 2014 ஆகஸ்ட் 15 அன்னிக்கு கோயம்புத்தூர்ல ஒரு சேனல்ல பத்மினி பிரகாஷ் செய்தி வாசிச்சாங்க, மைக்க நீட்டி கேலி பண்ற அதே டிவில ஒரு திருநங்கை உக்காந்து ஊருக்கே நியூஸ் சொல்றாங்க. பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. வேலைக்கு அப்ளிகேஷன் போட்டப்போ ஃபார்ம்ல ஆண், பெண்னு ரெண்டு கட்டம்தான், தள்ளுபடி பண்ணிட்டாங்க, அவங்க ஐகோர்ட் வரைக்கும் போயி 2015-ல தீர்ப்பு வாங்கி 2017-ல சப் இன்ஸ்பெக்டரா டூட்டில சேர்ந்தாங்க. மதுரைக்காரங்க நர்த்தகி நடராஜ், பரதநாட்டியத்துக்கு 2019-ல பத்மஸ்ரீ வாங்குனவங்க, 2018-ல வந்த பிளஸ் ஒன் தமிழ்ப் புத்தகத்துல அவங்களப் பத்திப் பாடமே வந்துச்சு. வேலூர் மாநகராட்சில 2022 தேர்தல்ல கங்கா கவுன்சிலரா ஜெயிச்சாங்க. இதெல்லாம் எத்தன பிள்ளைக்குத் தெரியும்னு பிரேயர்ல கேட்டுப் பாத்தேன். கை தூக்குனது ரெண்டு மூணு பேரு.

இப்ப ஒரு ஹெச்.எம்.மா எனக்குத் தூக்கம் கெடுக்குற கணக்குக்கு வரேன். 2011 சென்சஸ்ல ஆண், பெண் தவிர "மற்றவர்"னு ஒரு கட்டம் முதல்முறையா வெச்சாங்க, நாடு முழுக்க சுமார் 4.88 லட்சம் பேரு அதுல வந்தாங்க. அதுல ஏறக்குறைய 55 ஆயிரம் பேரு ஆறு வயசுக்கு உட்பட்ட கொழந்தைங்க. ஆறு வயசுக் கொழந்தை சென்சஸ்காரர்கிட்ட பேசாது, வீட்ல இருக்கற பெரியவங்கதான் சொல்லணும். அப்போ இது எங்கயோ ரயில்ல பாக்குற வேத்து ஆளுங்க விஷயம் இல்ல, நம்மள மாதிரி வீட்ல பொறந்த பிள்ளைங்க விஷயம். அதே சென்சஸ்ல அவங்க எழுத்தறிவு 56 சதவீதம், நாட்டோட சராசரி 74. நடுவுல இருக்கற பதினெட்டு எங்க போச்சுன்னு யாரும் ஆராய்ச்சி பண்ண வேணாம், ஸ்கூல்ல முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டுன என்னைக் கேளுங்க. பாத்ரூம் வாசல்ல போச்சு. இன்டர்வெல் மணி அடிச்சும் வெளிய போவாம உக்காந்திருக்கற பையன், மதியம் தண்ணியே குடிக்காதவன் (குடிச்சா பாத்ரூம் போகணுமே), ஒம்போதாவது வந்ததும் "தலவலி சார்"னு வாரத்துல மூணு நாள் லீவு, பத்தாவது ஹால் டிக்கெட் வாங்க ஆளே வரல. வீட்ல கேட்டா படிப்பு ஏறலன்னுவாங்க. படிப்பெல்லாம் ஏறும், நாம ஏற விடல.

இதுக்காக கிளாஸ்ல அமைதியா, மென்மையா இருக்கற பையன் எல்லாம் திருநங்கை ஆகப் போறான்னு அர்த்தம் இல்ல, பல பேரு அப்படி இல்லவே இல்ல, சும்மா நடை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும் அவ்ளோதான். கேலி ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் அடிக்குது. பொண்ணுங்கள்ல முடி வெட்டிக்கிட்டு கிரிக்கெட் ஆடுற பிள்ளைங்களையும் இப்ப ஆரம்பிச்சிருக்காங்க.

சரி எப்படித்தான் பேசணும் சார்னு கேப்பீங்க. பெரிய வித்தை எதுவும் இல்ல. திருநங்கை, திருநம்பி (பொண்ணா வளர்ந்து தன்னை ஆணா உணர்றவங்க), ரெண்டு பேரையும் பொதுவா சொல்லணும்னா திருநர், இது போதும். 2008-ல தமிழ்நாட்டுல நல வாரியம் வெச்சப்போ அரவாணிகள் நல வாரியம்னுதான் பேரு, அப்புறம் திருநங்கைதான் நிலைச்சுது, வாரியம் வெச்ச நாளான ஏப்ரல் 15-ஐ திருநங்கையர் தினம்னு அரசாங்கமே வெச்சிருக்கு. எதிர்ல வர்றவங்கள அக்கான்னு கூப்புடலாம், அம்மான்னு கூப்புடலாம், வயசப் பாத்து எப்படி வேற யாரையும் கூப்புடுவோமோ அப்படி. "அது வருது பாரு"ன்னு சொல்றத மட்டும் தயவு செஞ்சு நிறுத்துங்க, மாட்டுக்குத்தான் அது. தமிழ்ல மரியாதைக்கு எடமே இல்லாத மாதிரி பேசுறோம், ஆனா தொல்காப்பியர் தன்னோட இலக்கண நூல்ல கிளவியாக்கம்ங்கற இயல்லயே இவங்கள உயர்திணைல வெச்சிட்டு ஆண்பால் முடிவு போட்டு சொல்லக்கூடாதுன்னும் சொல்லிட்டுப் போயிட்டாரு, நம்ம தமிழ் ஐயா இத பத்தாம் கிளாஸ்ல நடத்துறப்போ பசங்க ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போனாங்க. ஒருத்தரப் பாத்ததும் "முன்னாடி என்ன பேரு", "ஆபரேஷன் ஆச்சா"ன்னு கேக்குறோம் பாருங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்த அம்மாகிட்ட உங்களுக்கு கர்ப்பப்பை இருக்கா எடுத்துட்டாங்களான்னு கேப்போமா?

"சார் நீங்க சொல்றீங்க, ரயில்ல வந்து காசு கேட்டு மிரட்டுறாங்களே"ன்னு போன பி.டி.ஏ. மீட்டிங் முடிஞ்சு ஒரு அப்பா தனியா கேட்டார். நியாயமான கேள்வி. மிரட்டுனா மிரட்டுனவங்க மேல கோவப்படுங்க, கம்ப்ளெய்ன்ட் குடுங்க, யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா அவர்கிட்டயே நான் திருப்பிக் கேட்டேன், உங்க கடைல சேல்ஸுக்கு ஆள் வேணும்னு போர்டு தொங்குதே, ஒரு திருநங்கை வந்தா எடுப்பீங்களா, மாடி போர்ஷன் காலியா இருக்கே, வாடகைக்கு விடுவீங்களான்னு. கஸ்டமர் என்ன நெனப்பாங்க சார்ங்குறார். அப்புறம் ரயில் ஒண்ணுதான் மிச்சம். நல்ல மனுஷன்தான் அவரு, யோசிக்குறேன்னு சொல்லிட்டுப் போனாரு.

சட்டமும் இருக்கு, பயமுறுத்த சொல்லல, தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். 2014-ல சுப்ரீம் கோர்ட் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குல, தன்னோட பாலினத்த தானே சொல்ற உரிமை அவங்களுக்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2019-ல வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி பள்ளிக்கூடத்துல பாகுபாடு காட்டக் கூடாது, துன்புறுத்துனா ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், வாயால பண்ற கொடுமையும் அதுல வரும். நம்ம மெட்ராஸ் ஐகோர்ட் 2021-ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரிச்ச வழக்குல இருந்து ஆரம்பிச்சு, மரியாதையான சொற்கள் அடங்கின ஒரு பட்டியல 2022-ல தமிழ்நாடு அரசு கெஸட்லயே போட்டுடுச்சு, பத்திரிகைக்காரங்களும் அதத்தான் பயன்படுத்தணும்னு கோர்ட் சொல்லியிருக்கு. பேப்பர்காரங்களுக்கே அப்படின்னா நம்ம கிளாஸ் வாட்ஸப் குரூப்புக்கு என்ன விதிவிலக்கு.

இனி எழுதறது எல்லாருக்கும் இல்ல, இந்த லிஸ்ட்ல இருக்கற ஒண்ணு ரெண்டு வீட்டுக்கு. உங்க பிள்ளை அக்காவோட தாவணிய எடுத்துக் கட்டிப் பாத்துட்டு அடி வாங்கியிருக்கலாம், இல்ல பொண்ணு நான் பையன்னு சொல்லியிருக்கலாம். அடிக்காதீங்க. மந்திரிக்க கூட்டிட்டுப் போகாதீங்க, "ஊசி போட்டு சரி பண்ணித் தரேன்"னு சொல்ற டாக்டர்கிட்டயும் போகாதீங்க, அப்படி மாத்தறேன்னு சிகிச்சை பண்றது தொழில் ஒழுங்கீனம்னு 2022-லயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிடுச்சு. வீட்ட விட்டு ஓடுற பிள்ளைங்க பெரும்பாலும் அடிச்ச ராத்திரிதான் ஓடுறாங்க. எங்கிட்ட வந்து பேசுங்க. சனிக்கிழமை மதியம் 2 மணில இருந்து 4 மணி வரைக்கும் ஆபீஸ் ஸ்டாஃப் இருக்க மாட்டாங்க, நான் இருப்பேன், ரிஜிஸ்டர்ல பேரு எழுத வேணாம். ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கூட விஷயம் போகாது.

ஸ்கூல் பக்கம் நாங்க பண்றது: பட்டப்பேரு வெச்சு யாரு கூப்புட்டாலும், அது வாத்தியாரா இருந்தாலும், என் ரூமுக்கு வரணும். ஆண்டு விழா நாடகத்துல பையனுக்கு சேலை கட்டிவிட்டு கைதட்டி சிரிக்க வெக்கற காமெடி ட்ராக் இந்த வருஷம் கெடையாது (ஸ்கிரிப்ட் முன்னாடியே என்கிட்ட வரணும்னு சொல்லியாச்சு, மூஞ்சி தூக்குறவங்க தூக்கட்டும்). ஸ்டேஜ் பக்கத்துல இருக்கற தனி பாத்ரூம் பூட்டு எடுத்தாச்சு, காரணம் கேக்காம எந்தப் பிள்ளையும் போலாம். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லியாச்சு.

உங்க பக்கம் நான் கேக்குறது ரொம்ப சின்னது. டிவில அந்த மாதிரி சீன் வந்தா சேனல மாத்தணும்னு கூட சொல்லல, நீங்க சிரிக்காதீங்க. "இதுல என்னடா சிரிப்பு"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடுங்க, லெக்சர் அடிச்சா அவன் எழுந்து போயிடுவான். சிக்னல்ல காசு குடுக்க இஷ்டம் இல்லன்னா "இல்லம்மா"ன்னு சொல்லுங்க, வண்டிக் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள ஒரு வார்த்தை சொல்றீங்க பாருங்க, பின்சீட்ல உக்காந்திருக்கறவங்க அதத்தான் திங்கக்கிழமை கிளாஸுக்கு எடுத்துட்டு வர்றாங்க.

கடைசியா, போன மாசம் 8-பி குரூப்புல ஒரு பெற்றோர் கூவாகத்துல யாரோ எடுத்த வீடியோ ஒண்ண ஃபார்வர்ட் பண்ணி அதுக்குக் கீழ பதினஞ்சு பேரு சிரிப்பு எமோஜி போட்டிருந்தீங்க. பேரு சொல்லல, நீங்களே டெலீட் பண்ணிடுங்க. இனிமே அந்த மாதிரி வந்தா கிளாஸ் டீச்சர் எடுத்துடுவாங்க, ரெண்டாவது தடவ போட்டா குரூப்ல இருந்து நீக்கிட்டு ஹோம்வொர்க்க டைரில எழுதி அனுப்புவோம். இதுல ஏதாவது மாத்துக் கருத்து இருந்தா வர்ற பி.டி.ஏ. மீட்டிங்ல எழுந்து கேளுங்க, நான் பதில் சொல்றேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்