அம்மாவின் நோய் இன்னதென்று தெரிய உதவியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அம்மாவுக்கு வந்தது மீசோதீலியோமா, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். அம்மா இப்போது மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார். கடைசியாக எடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை. "குணமாயிடுச்சா?" என்று கேட்பவர்களிடம் "இல்லை, அடங்கியிருக்கு" என்றுதான் சொல்கிறோம். இந்த அளவுக்கு வந்துசேரக் கைகொடுத்தவர்களுக்கான மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி நுரையீரல் மருத்துவருக்கு. அம்மாவுக்கு வலது பக்கம் நெஞ்சில் நீர் கோத்தது. எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் அணு எதுவும் தென்படவில்லை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். சில வாரத்தில் மறுபடியும் கோத்தது. "நீரில் இல்லைங்கிறதால உறையில இல்லைன்னு ஆகாது" என்று சொல்லிவிட்டு, உள்ளே கேமரா விட்டு நுரையீரல் உறையிலிருந்தே சதை எடுக்க ஏற்பாடு செய்தவர் அவர். மீசோதீலியோமாவில் நீரை மட்டும் பார்த்தால் பிடிபடாமல் போவது அடிக்கடி நடக்கிறதாம்.

அதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அம்மா என்ன வேலை பார்த்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டு வேலைதான் என்றதும் அத்தோடு விட்டுவிட்டார்கள். இவர் மட்டும்தான், "அம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார்.

அப்பா இல்லாத நிலையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர், அவரோடு வேலை பார்த்த மாமா. பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியேறாமல் உறை கட்டுவதுதான் இருவருக்கும் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் தூளை வெறுங்கையால் குழைத்ததையும், பலகையை ரம்பத்தால் அறுத்ததையும், சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருபவர்கள் போல வெள்ளையாக வீடு திரும்பியதையும் சொன்னார். அந்தச் சட்டையை உதறித் துவைத்தவர் அம்மா. முகமூடி என்று ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார் மாமா. உங்களுக்கும் இருமல் இருக்கும்போது, பழையதை எல்லாம் கிளறிச் சொல்வது எளிதல்ல மாமா. நீங்கள் சொன்னது அப்படியே அம்மாவின் கோப்பில் பதிவாகியிருக்கிறது.

மற்றதை மருத்துவர் விளக்கினார். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய படலங்கள். நடுவில், உரசல் இல்லாமல் இருக்கக் கொஞ்சம் நீர். மூச்சோடு போகும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளில் சில அந்தப் படலம் வரை போய்விடும். உடலின் காவல் அணுக்களால் அந்த நீண்ட இழையை விழுங்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. அழற்சி அடங்காமல் வருடக்கணக்கில் தொடரும். நோய் வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் இந்த நோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதியபோதே, ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலை செய்யாமல் அதன் அருகே வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 1965இல் லண்டன் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிகளையும் கண்டார்கள். அம்மாவுக்கு நேர்ந்தது அப்போதே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதை என்னால் இன்னும் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

புகைபிடிப்பதால் இந்த நோய் வருவதில்லை என்பதையும் நுரையீரல் மருத்துவர் எங்கள் உறவினர்கள் முன்னால் அழுத்திச் சொன்னார். அது ரொம்பத் தேவையாக இருந்தது. அந்தத் தூள் அப்பாவின் சட்டையில் வந்ததால் அவர் மீது அம்மாவுக்குக் கோபம் வருமோ என்று பயந்தேன். "அவருக்கே யாரும் சொல்லலையே" என்றதோடு அம்மா அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

அடுத்த நன்றி, எடுத்த சதையைப் பரிசோதித்த, நாங்கள் முகமே பார்த்திராத பேத்தாலஜிஸ்டுக்கு. நுரையீரலில் தொடங்கும் புற்றுநோயும் இதுவும் கண்ணாடிச் சில்லில் ஒன்றுபோலத் தெரியக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் கால்ரெட்டினின், டபிள்யூடி-1, டிடிஎஃப்-1 என்று ஒவ்வொரு சாயமாகப் போட்டுப் பார்த்த பிறகே எழுதிக் கொடுத்திருக்கிறார். எபிதீலியாய்ட் வகை, மூன்று வகைகளில் அதுதான் அதிகம் காணப்படுவது, ஓரளவு மெதுவாகப் போவதும் அதுதான். அறிக்கைக்காகக் காத்திருந்த நாட்களில் அவரை நொந்துகொண்டோம். காத்திருந்தது வீண்போகவில்லை.

அறுவை சிகிச்சை நிபுணரிடம் நம்பிக்கையோடு போனோம். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மார்ஸ்-2 என்ற ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்ததையும், கீமோவோடு அறுவையும் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, சிக்கல்கள்தான் கூடின என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். செய்யாத அறுவைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

புற்றுநோய் மருத்துவர் எண்களை மறைக்கவில்லை. பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த 2003ஆம் ஆண்டு ஆய்வில் ஆயுளின் நடுப்புள்ளி 12.1 மாதம், சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களுக்கு 9.3. "இது நடுப்புள்ளி. பாதிப் பேர் இதைத் தாண்டினவங்க" என்றார். அம்மாவுக்கு சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் கொடுத்தார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி-12 ஊசியும் எதற்கென்று கேட்டபோதும் சலித்துக்கொள்ளவில்லை. 1982இல் இந்த நோய் வந்து 20 ஆண்டு வாழ்ந்த அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டைப் பற்றித் தம்பி தேடிக் கொண்டுவந்தான். அவருக்கு வந்தது வயிற்று உறையில், வயதும் நாற்பதுதான். அப்படியே அம்மாவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அன்றைக்கு அது தேவைப்பட்டது, தம்பி.

வீட்டுக்கு வந்து நெஞ்சுக் குழாயிலிருந்து நீரை வடிக்கக் கற்றுக்கொடுத்த செவிலியர் சகோதரி, உங்களை அம்மா தினமும் கேட்கிறார். கை கழுவும் முறையிலிருந்து, வலியோ இருமலோ வந்தால் உடனே நிறுத்துவது வரை எல்லாம் உங்கள் பாடம். வடிவது நின்றதும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். வலி தணிப்பு மருத்துவர் என்றாலே கடைசிக் கட்டம் என்று உறவில் ஒருவர் அழவே தொடங்கிவிட்டார். அந்த மருத்துவரோ சிகிச்சை தொடங்கியபோதே வந்து, விலா ஓரத்து வலிக்கு மருந்தை மாற்றி, மூச்சுத் திணறும்போது முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறியைப் பிடிக்கச் சொன்னார். அது உண்மையிலேயே உதவியது.

வண்டி ஓட்டியவர்கள், இரவில் துணைக்கு இருந்தவர்கள், கிருமி தொற்றக் கூடாது என்று சொன்னபோது வாசலோடு நின்று பேசிப் போனவர்கள், எல்லோருக்கும் நன்றி. வேர்ப்பொடி அனுப்பியவர்களின் அன்புக்கும் நன்றி. பொடி அப்படியே பத்திரமாக இருக்கிறது.

சீல் பிரிக்காத வடிகுப்பிகள் சில மீந்தன. அவற்றைச் செவிலியர் சகோதரியிடம் கொடுத்துவிட்டோம். தேவைப்படுவோர் அவரிடம் கேட்கலாம். அப்பாவோடு உறை கட்டும் வேலை பார்த்தவர்களின் பெயர்களை மாமா எழுதி வருகிறார். அந்தக் குழுவில் இருந்தவர்களோ அவர்கள் வீட்டாரோ இதைப் படித்தால் மாமாவிடம் பேசுங்கள். உங்கள் மருத்துவரிடம் காட்ட, எந்த வருடம் எந்த வேலை என்று தேதி போட்டு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மாவுக்காக, அவர் மகள்