தென்னை மட்டைக்கு பில் கேட்கும் வேளாண்மை அலுவலர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சின்ன வெங்காயப் பாத்தியில் தென்னை மட்டைத் தூள் போன்றவற்றைப் பரப்பி மண்ணை மூடுகிறவர்களுக்கு, அதாவது இயற்கை மூடாக்கு போடுகிறவர்களுக்கு, உதவி கேட்டு நாங்கள் கொடுத்த மனு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். "இதுக்கெல்லாம் பில் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மனுவை எடுத்தீர்கள். மூடாக்காகப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கடைக்காரர் பில் தருகிறார், அதனால் மானியம் கிடைக்கிறது. தோப்பில் விழுந்த மட்டைக்கு யாரிடம் போய் பில் வாங்குவது?

நாங்கள் கேட்பது பணம்கூட இல்லை. தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் ஒன்றைப் பஞ்சாயத்தில் வைத்து வாடகைக்குக் கொடுங்கள். அவ்வளவுதான்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் நம்ம கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் மழை எவ்வளவு குறைவு என்று நான் சொல்லத் தேவையில்லை. மார்கழி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. காலையில் பாய்ச்சிய பாத்தி சாயந்திரம் வெளுத்துக் கிடக்கும். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது, மேல்மண் காய்ந்தால் பயிர் அப்படியே நின்றுவிடும்.

அதைவிடக் கொடுமை களை. வெங்காயத் தாள் நிமிர்ந்து நிற்கும், மண்ணில் நிழல் விழாது. ஒரு சாண்கூட இல்லாத இடைவெளியில் களைக்கொத்தி போகாது. பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து விரலால்தான் பிடுங்க வேண்டும். கோரையைப் பிடித்து இழுத்தால் பக்கத்து வெங்காயமும் கொத்தோடு ஆடிவிடும். அதனால் ஒரு கையால் வெங்காயத்தை அமுக்கிக்கொண்டு மறு கையால் இழுப்பார்கள். உச்சி வெயிலில் அந்த மண்ணில் கை வைத்துப் பாருங்கள் ஐயா. பாதி வயதிலேயே முழங்கால் போனவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கூலி கொடுக்க முடியாமல் களையோடு விட்ட வயல்களும் இருக்கின்றன.

முளை வந்தபின் மட்டைத் தூளையோ மக்கிய தென்னை நார்க்கழிவையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் களை அடங்குகிறது, ஈரம் நிற்கிறது, மண் சூடு தணிகிறது. அப்புறம் அதுவே மக்கி உரமாகிறது. மக்காத நார்க்கழிவைப் போட்டால் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், அடைமழையில் விலக்காவிட்டால் கிழங்கு அழுகும், தாள் சாயும்போது ஒதுக்கிக் காய விட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வைக்கோல் மாட்டுக்கே போதவில்லை. முழு மட்டை பயிரை அமுக்கும், சருகைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். தூளாக்கி நனைத்துவிட்டால்தான் நிற்கும். இயந்திரம் கேட்பது அதற்காகத்தான்.

பிளாஸ்டிக் ஷீட் தக்காளிக்குச் சரி. சின்ன வெங்காயம் ஒரே ஓட்டையில் நாலைந்தாகக் கொத்து கட்டும், ஓட்டை கிழிந்துபோகும். அறுவடைக்குப் பின் அந்தத் துண்டுகள் உழவுக்கு உழவு மண்ணிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பக்கம் காசு கொடுத்து பிளாஸ்டிக்கை மண்ணுக்குள் போடுகிறோம், அந்தப் பக்கம் அதே தோட்டத்து வரப்பில் மட்டையைக் குவித்துத் தீ வைக்கிறோம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நீங்கள் தரும் துண்டுப் பிரசுரம்கூட மலையாளத்தில் மட்டும்தான் வருகிறது. தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வரி கட்டி வாழ்கிறவர்கள் இதையும் கெஞ்சித்தான் கேட்க வேண்டுமா?

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி நடவுக்கு முன்னால் அந்த ஒரு இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். டீசலும் ஓட்டுகிற ஆள் கூலியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முடியாது என்றால் அந்தக் காரணத்தையாவது எழுத்தில், தமிழில், தாருங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை பக்கத்து வெங்காய விவசாயி ஒருவர்