எலா வாட்சன் பக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய கௌபாய் படங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஊர்க் காவலுக்குப் பொறுப்பான ஷெரிஃப் விலைபோய்விட்டார், நீதிபதி குடித்துக் கிடக்கிறார், மாட்டுப்பண்ணை முதலாளி சொல்வதுதான் சட்டம். அப்படிப்பட்ட ஊருக்குக் குதிரையில் வரும் ஓர் ஆள் துப்பாக்கியாலேயே நியாயத்தைத் தீர்த்துவைத்துவிட்டுப் போகிறான். அந்தப் படங்களின் அழகே அதுதான் என்கிறார் கட்டுரையாளர். அதோடு நிறுத்தியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் நிஜத்திலும் ஊர் மக்கள் இப்படித்தான் அக்கிரமத்தை ஒழித்தார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரி தவறு. எலா வாட்சன் என்ற பெண் தொடங்கி, அப்படி 'ஒழிக்கப்பட்ட' சிலருடைய பெயரும் கதையும் எனக்குத் தெரியும் என்பதால் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். ஆஃப்செட் வந்து, ஈய எழுத்துகளை எடைக்குப் போடும் வரை அதுதான் என் தொழில். வேலை முடிந்த மாலைகளில் ரீகல் டாக்கீஸுக்குப் போவோம். பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம் என்று ஓடிய இடம் அது. கௌபாய் படத்தில் மற்றவர்கள் துப்பாக்கியைப் பார்ப்பார்கள். நான் அந்த ஊர்ப் பத்திரிகை ஆபீஸைப் பார்ப்பேன், எழுத்துக் கேஸ் எந்தப் பக்கம், மெஷின் எந்தப் பக்கம் என்று. நாலு பலகை வீடு, ஒரு மதுக்கடை, ஒரு பத்திரிகை. படத்தில் மட்டுமல்ல, நிஜத்திலும் அந்த ஊர்கள் பல அப்படித்தான் இருந்தன. கும்பல் சேர்ந்து ஓர் ஆளை மரத்தில் தொங்கவிட்டபோது அந்தப் பத்திரிகைகள் என்ன எழுதின என்பது உங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. ஒரு பத்திரிகையில் வரும் கட்டுரையில் அது விடுபடலாமா?

முதலில் படத்திலிருந்தே தொடங்குகிறேன். 1943-இல் வில்லியம் வெல்மன் இயக்கிய 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். கதை நடப்பது 1885-இல், நெவாடாவில். கின்கெய்டு என்ற மாட்டுக்காரரைச் சுட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊருக்குள் சேதி வருகிறது. ஷெரிஃப் ஊரில் இல்லை. அதிகாரமே இல்லாத துணை ஷெரிஃப் கூட்டத்துக்குப் பிரமாணம் செய்துவைக்கிறார். கிளம்புகிறார்கள். இரவில் மூன்று பேர் சிக்குகிறார்கள். அவர்களிடம் கின்கெய்டின் மாடுகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கினேன் என்கிறான் அதில் ஒருவன். ரசீது எங்கே? ரசீது இல்லை. போதுமே! ஊருக்குக் கொண்டுபோய் விசாரிக்கலாம் என்று ஏழு பேர் மட்டும் தனியாக வந்து நிற்கிறார்கள். மீதிப் பேர் விடியும்வரை காத்திருந்து மூவரையும் தொங்கவிடுகிறார்கள். திரும்பும் வழியில் ஷெரிஃப் எதிரே வருகிறார். கின்கெய்டு சாகவே இல்லை. அவரைச் சுட்டவர்களும் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார்கள்.

கெட்டவர்கள் என்று சொல்லக்கூடிய ஆட்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு. மாடு மேய்ப்பவர்கள், கடைக்காரர்கள், நண்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் இருப்பவர்கள். எனக்கு அந்தப் படத்தில் தாங்க முடியாத விஷயம் அதுதான். கடைசியில் மதுக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். செத்தவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஹென்றி ஃபோண்டா படிக்கிறார். கௌபாய் படங்களின் சாரம் துப்பாக்கி நீதி என்று எழுதுகிறவர் இந்த ஒரு படத்துக்காவது பதில் சொல்ல வேண்டும்.

இப்போது நிஜத்தில் நடந்ததற்கு வருகிறேன். வயோமிங்கில் ஸ்வீட்வாட்டர் ஆற்றின் பக்கம் எலா வாட்சன் என்ற பெண் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு விண்ணப்பித்துக் குடிசை போட்டு வாழ்ந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. சொந்தமாகக் கொஞ்சம் மாடு வாங்கி, தனக்கென்று ஒரு சூட்டுக்குறியும் பதிவு செய்திருந்தார். அவர் வேலி போட்ட இடம் ஆல்பர்ட் போத்வெல் என்ற பெரிய பண்ணை முதலாளி தன் புல்வெளி போல வைத்திருந்த இடம். பக்கத்திலேயே ஜிம் அவெரல் என்பவர் கடை வைத்திருந்தார். தபால் அலுவலரும் அவர்தான். பெரிய பண்ணைக்காரர்கள் அரசு நிலத்தை வளைத்துப் போடுவதைக் கண்டித்து அவர் 1889-இல் காஸ்பர் ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இதோ நான் எழுதுவதைப் போல, ஆசிரியருக்குக் கடிதம். அதே வருடம் ஜூலை 20-ஆம் தேதி போத்வெல்லும் இன்னும் ஐந்து பண்ணைக்காரர்களும் வந்து எலாவையும் அவெரலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரே மரத்தில் தூக்கிலிட்டார்கள்.

அதற்கப்புறம் பத்திரிகைகள் செய்ததைச் சொல்லும்போது, அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்தே வருகிறது. பண்ணை முதலாளிகளின் சங்கம் இருந்தது செயென் நகரில். அந்நகரத்துப் பத்திரிகைகள் எலாவை விலைமாது என்றன, மாட்டுத்திருடி என்றன, வேறொரு பெண்ணின் கதையை இவர் தலையில் கட்டி 'கேட்டில் கேட்' என்று பட்டப்பெயரும் சூட்டின. அது நாடு முழுக்கப் போனது. ஆறு பேர் மீதும் வழக்கு வந்தது. ஜாமீனில் வெளியே வந்தார்கள். பார்த்த சாட்சிகளில் சிலர் காணாமல் போனார்கள், ஒருவர் இறந்துபோனார். சாட்சி இல்லாததால், வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. எலா வேலி போட்ட நிலம் பின்னாளில் போத்வெல் கைக்கே போனது. கம்பாசிட்டர் ஒருவன் அந்தச் செய்தியை எழுத்தெழுத்தாகக் கோத்திருப்பான், புரூஃப் ஒருவர் பார்த்திருப்பார், அது உண்மையா என்று அந்த ஆபீஸில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1980-இல் வந்த 'ஹெவன்ஸ் கேட்' படம் பண்ணைக்காரர்களைத்தான் வில்லன்களாகக் காட்டுகிறது. ஆனால் அதிலும் எலா வாட்சன் விலைமாதர் விடுதி நடத்துகிறவர், திருட்டு மாட்டைக் கூலியாக வாங்குகிறவர். தொண்ணூறு வருடம் கழித்து, அவர் மீது அனுதாபத்தோடு எடுத்த படத்தில்கூட அன்றைய பத்திரிகைப் பொய் அப்படியே இருக்கிறது. அச்சேறியதன் ஆயுள் அவ்வளவு.

எலா செத்து மூன்று வருடத்தில், 1892 ஏப்ரலில், அதே சங்கத்துப் பண்ணை முதலாளிகள் டெக்சாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, ரயிலில் ஏற்றி வயோமிங்கின் ஜான்சன் கவுண்டி என்ற மாவட்டத்துக்குப் படையெடுத்தார்கள். கொல்ல வேண்டியவர்கள் என்று கையில் ஒரு பட்டியல். நேட் சேம்பியன் என்ற சிறு பண்ணைக்காரர் ஒரு நாள் முழுக்கத் தனி ஆளாகத் தாக்குப்பிடித்து, குடிசைக்குத் தீ வைத்தபின் வெளியே ஓடி வந்தபோது சுடப்பட்டார். ஊர் மக்கள் திரண்டு அந்தப் படையை வளைத்தபோது, அரசுக் குதிரைப்படை வந்து காப்பாற்றியது கூலிக்கு வந்தவர்களைத்தான். வழக்கும் விசாரணைக்கு வராமலே தள்ளுபடியானது. அந்தப் படையோடு இரண்டு பத்திரிகை நிருபர்களும் ரயில் ஏறிப் போயிருந்தார்கள். உங்கள் கட்டுரையில் புகழப்பட்டிருக்கும் 'ஷேன்' (1953) இந்த வயோமிங் நிலத்தகராறைப் பின்புலமாகக் கொண்டதுதான். படத்தில் துப்பாக்கிக்காரன் ஏழைக் குடியானவர்கள் பக்கம் வந்து நிற்கிறான். நிஜத்தில் துப்பாக்கிக்காரர்கள் ரயிலில் வந்தார்கள், செலவு முதலாளிகளுடையது.

சரி, ஷெரிஃபே திருடனாக இருந்தால் ஜனங்கள் எங்கேதான் போவார்கள் என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இன்று மொன்டானாவில் இருக்கும் பானக் என்ற ஊரை வைத்துப் பதில் சொல்கிறேன். 1862-இல் அங்கே ஓடையில் தங்கம் கிடைத்தது. ஜனங்கள் குவிந்தார்கள். நீதிமன்றம் மலைகளுக்கு அப்பால் எங்கோ இருந்தது. கொள்ளை நடந்தது, கொலை நடந்தது. 1863 டிசம்பரில், அதே பகுதியில் நெவாடா சிட்டி என்ற தங்க முகாமில், ஜார்ஜ் ஐவ்ஸ் என்பவனைக் கொலைக் குற்றத்துக்காகப் பிடித்து, திறந்த வெளியில், ஊர் பார்க்க, இரு பக்கமும் வக்கீல் வைத்து, நாள்கணக்கில் விசாரித்துத்தான் தண்டித்தார்கள். நீதிமன்றமே இல்லாத இடத்தில் அதைவிட அதிகம் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவன் தூக்கிலேறிய ஒன்றிரண்டு நாளில் ரகசியக் கமிட்டி உருவானது. அதற்குப் பிறகு விசாரணை என்ற பேச்சே எடுபடவில்லை. அடுத்த சில வாரங்களில் இருபது பேருக்கு மேல் தொங்கினார்கள். கொள்ளைக் கும்பலுக்கே தலைவன் என்று சொல்லி ஷெரிஃப் ஹென்றி பிளம்மரை 1864 ஜனவரி 10 இரவு பானக்கிலேயே தூக்கிலிட்டார்கள். மார்ச் மாதம், அதே பகுதியின் வர்ஜீனியா சிட்டியில், ஜோசப் ஸ்லேடு. அவர் அங்கே யாரையும் கொன்றதாகவோ கொள்ளையடித்ததாகவோ குற்றச்சாட்டே இல்லை. குடித்துவிட்டுக் கடைகளை உடைத்தார், பிடியாணையைக் கிழித்துப் போட்டார். அதற்குத் தூக்கு! டிசம்பரில் கொலைகாரனுக்குக்கூட வக்கீல் இருந்தார், மார்ச்சில் குடிகாரனுக்கு இல்லை.

பிளம்மர் குற்றவாளியா? பல காலம் எல்லாரும் ஆம் என்றே நம்பினார்கள். காரணம், அந்தக் கதையை முதலில் எழுதியவர் 'மொன்டானா போஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியர் தாமஸ் டிம்ஸ்டேல். கமிட்டிக்கு வேண்டியவர். 1865-இல் தொடராக எழுதி, அடுத்த வருடம் புத்தகமாக்கினார். பிளம்மர் தரப்பைச் சொல்ல ஆளும் இல்லை, அச்சகமும் இல்லை. 1993-இல் வர்ஜீனியா சிட்டியில் பிளம்மருக்கு ஒரு மாதிரி விசாரணை நடத்திப் பார்த்தார்கள். ஜூரியில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், ஆறு பேர் இல்லை என்றார்கள். உயிரோடு இருந்திருந்தால் விடுதலையாகி வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஆள் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை உரிய நேரத்தில் கேட்காததால், நூற்றிருபத்தொன்பது வருடம் கழித்தும் பதில் தெரியவில்லை.

ஜான் ஃபோர்டு 1962-இல் எடுத்த 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில் இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒருவர் ரவுடியைப் பற்றி உண்மையை அச்சிட்டு, குற்றுயிராக அடிபடுகிறார், அச்சகமும் நொறுங்குகிறது. பல வருடம் கழித்து வரும் இன்னொருவர், ரவுடியை நிஜமாகச் சுட்டது யார் என்ற உண்மை தேடி வந்து மடியில் விழுந்தும் அச்சிட மறுக்கிறார். ஊர் நம்பும் கதையே போதும் என்று முடிவெடுக்கிறார். உங்கள் கட்டுரை அந்த இரண்டாவது ஆசிரியரின் கை எழுதியது போல இருந்தது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஹென்றி ஃபோண்டா அந்த 1943 படத்தில் நடித்ததற்கு ஒரு முன்கதை உண்டு. அவருடைய அப்பா நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் அச்சகம் வைத்திருந்தார், நீதிமன்றத்துக்கு எதிரே. 1919 செப்டம்பர் 28 அன்று, வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியைத் தங்களிடம் விடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தைச் சூழ்ந்து தீ வைத்தார்கள். வெள்ளைப் பெண்ணைத் தாக்கினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. தடுக்க வந்த மேயர் எட்வர்டு ஸ்மித்தின் கழுத்திலேயே கயிற்றைப் போட்டார்கள். அவர் மயிரிழையில் பிழைத்தார். வில் பிரவுன் பிழைக்கவில்லை. அவரைத் தூக்கிலிட்டு, சுட்டு, எரித்தார்கள். பதினான்கு வயது ஃபோண்டா அப்பாவோடு அச்சகத்தின் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தார். அரசியல் தரகர்களின் பிடியில் பல காலம் இருந்த ஊர் அது. 'ஒமாஹா பீ' பத்திரிகை அதற்கு முன் பல வாரங்களாகக் கறுப்பின மக்கள் மீது வெறுப்பைத் தூண்டும் செய்திகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அதே ஊரில் 'வேர்ல்டு-ஹெரால்டு' ஆசிரியர் ஹார்வி நியூபிராஞ்ச் அந்த வாரமே 'சட்டமும் காடும்' என்று தலையங்கம் எழுதினார். கொன்றவர்கள் அவருடைய வாசகர்கள், சந்தாதாரர்கள். தெரிந்தேதான் எழுதினார். அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், எலா வாட்சனைப் பற்றி ஒரு கட்டம் போட்டுச் செய்தி வெளியிடுங்கள்: நிலத்துக்கு விண்ணப்பித்தவர், மாடு வளர்த்தவர், விசாரணை இன்றிக் கொல்லப்பட்டவர் என்று. இன்னொன்று, நியூபிராஞ்சின் தலையங்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, வரும் செப்டம்பர் 28 அன்று நடுப்பக்கத்தில் முழுதாகப் போடுங்கள். நூறு வருடத்துக்கு மேலான எழுத்து, யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. புரூஃப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
மதுரை