யூட்டா பாலைப் பாதைகளும் வெளிமாநில வண்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகரைச் சுற்றியுள்ள பொது நிலங்களில் ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு வண்டி) போன்றவற்றைக் கொண்டுவந்து ஓட்டும் வெளிமாநிலத்தவர் தனி அனுமதி பெற வேண்டும்; அத்துடன், 18 வயது நிரம்பியவராயின் இணையவழிப் பாதுகாப்புப் பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும் என்பது 2023 முதல் நடப்பிலுள்ள விதி. கட்டணமில்லாத அப்பாடத்தை ஒருமுறை முடித்தால் போதும் என்பதால், அதைச் சுமை என்போரின் வாதம் ஏற்புடையதாக இல்லை.

அந்நிலத்தில் கருநிறத்தில், சிறு மேடு பள்ளங்களாகத் தெரியும் மண்படலம் வெறும் புழுதியன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகளும், பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன்களும் மணல் துகள்களைப் பிணைத்து உருவாக்கிய உயிருள்ள மேற்பரப்பு அது. பாதையை விட்டு விலகும் ஒரே ஒரு வண்டி அதை நொறுக்கிவிட்டால், மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நெவாடாவின் மணல்மேடுகளில் ஓட்டிப் பழகியவருக்கு இதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும் (உள்ளூர்க்காரர்களிலும் தெரியாதவர் உண்டு என்பது வேறு விஷயம்).

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அண்டை மாநிலமான அரிசோனாவும் வெளிமாநிலத்தவரிடம் வண்டியில் ஒட்டும் அனுமதி வில்லை ஒன்றைத் தனியாகக் கேட்பதால், ஒரே விடுமுறையில் எல்லையின் இருபுறமும் ஓட்டுபவர் இரண்டையும் வாங்க நேர்கிறது. இரு மாநிலங்களும் கலந்து பேசி, சில நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பொது அனுமதி ஒன்றை வழங்குவது குறித்துப் பரிசீலிக்க வேண்டும்.

— வாசகர், சால்ட் லேக் சிட்டி