அரசரிடம் எழுதி வாங்கியவர்கள்: மலர்விழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலர்விழிக்கு,

போலந்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே அரசரைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்டிருந்தாய். ஆமாம். ஆனால் என் கணக்கில் தேர்தலைவிடப் பெரிது, அரசரிடம் எழுதி வாங்கிய நிபந்தனைகள்.

1572 ஜூலையில் போலந்து அரசர் இரண்டாம் சிகிஸ்முந்த் அகஸ்ட் வாரிசின்றி இறந்தார். பேராயர் உகான்ஸ்கி இடைக்கால ஆட்சியை ஏற்றார். பிறகு வரிசையாக மூன்று நாடாளுமன்றக் கூட்டங்கள்: ஏற்பாட்டுக்கு, தேர்தலுக்கு, முடிசூட்டுக்கு. முதல் கூட்டத்திலேயே, 1573 ஜனவரி 28 அன்று, மத வேறுபாட்டுக்காக ரத்தம் சிந்துவதில்லை என்று பிரபுக்கள் எழுதிக்கொடுத்தார்கள். பாரிசில் புராட்டஸ்டன்டுகளைக் கொன்று குவித்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

தேர்தல் நடந்தது வார்சாவுக்கு எதிர்க்கரையில், காமியென் கிராமத்து வெளியில். பிரதிநிதிகள் போதாது, பிரபு ஒவ்வொருவரும் நேரில் வரலாம் என்று வாதாடி வென்றவர் யான் சமோய்ஸ்கி என்ற பிரபு. அவரவர் மாகாணத்தோடு கூடி முடிவெடுத்து, மேலவையான செனட்டுக்குச் சொல்ல வேண்டும். கேட்க நியாயம்தான், ஆனால் தூரத்து மாகாணத்தாருக்குப் பயணச் செலவே பெரும் தடை. பக்கத்து மசோவியாவின் கத்தோலிக்கச் சிறு பிரபுக்களோ திரளாக வந்துவிட்டார்கள். வென்றவர் பிரெஞ்சு அரசரின் தம்பி ஹென்றி.

அவர்முன் வைத்த விதிகளைப் பார்: நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், ஆறு வாரத்துக்கு மேல் நீளக்கூடாது. அதன் ஒப்புதலின்றிப் புது வரி கிடையாது. 16 செனட்டர்கள் முறைவைத்து அரசரோடிருந்து ஆலோசனை சொல்வார்கள். அரசர் வாக்கு மீறினால் பிரபுக்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

ஹென்றி நான்கே மாதம் தாங்கினார். அண்ணன் இறந்த செய்தி வந்ததும், 1574 ஜூனில், கிராகோவிலிருந்து இரவோடிரவாக ஓடிப்போனார். அவரோடு வந்திருந்த கவிஞர் தேபோர்த் போலந்தை இகழ்ந்து பாட, போலந்துக் கவிஞர் யான் கொகனோவ்ஸ்கி லத்தீனில் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சபைக்கு நாவன்மைக்குக் குறைவில்லை!

முறையின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பெரும்பான்மை போதாது, எல்லாரும் இசைய வேண்டும் என்பது மரபு. இசையாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வழியே இல்லை. 1575-இல் ஒரு தரப்பு புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியனை அறிவித்தது. மறுதரப்பு இறந்த அரசரின் தங்கை அன்னா யாகியெல்லோனையும், அவருக்குக் கணவராக திரான்சில்வேனிய இளவரசர் ஸ்டெபான் பாத்தோரியையும் அறிவித்தது. முந்தி வந்து முடிசூடியவர் பாத்தோரி. 1587-இலும் இரட்டை அரசர்கள். இம்முறை பிசினா என்ற ஊரில் 1588 ஜனவரியில் போரே நடந்தது.

உன் கட்டுரையில் ‘மக்களாட்சி’ என்று எழுதுமுன் இதையும் சேர்த்துக்கொள்: வாக்கு பிரபுக்களுக்குத்தான். அவர்கள் செழித்தது விஸ்துலா ஆற்றின் வழியே க்தான்ஸ்க் துறைமுகத்துக்குப் போன தானியத்தால். அதை விளைவித்த குடியானவர் வாரத்துக்கு ஒரு நாளாவது பண்ணையில் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று 1520-இலேயே சட்டம் போட்டாயிற்று. அந்த நாள் கணக்கு பின்னர் ஏறிக்கொண்டேதான் போனது.

அன்புடன்,
அக்கா